மெக்கன்சி நதிதீரத்திலே

நதிகள் கடலை நோக்கி ஓடுவது இயல்பு; ஆயினும், உறைந்து கிடக்கும் கடலை நோக்கி, தன் கடைப்பாதி முழுவதும் பனிக்கட்டியாக இறுகிக் கிடக்கும்போதே, தலைப்பாதியில் உருகிவிட்ட வெள்ளத்தைச் சுமந்துகொண்டு ஒரு நதி ஓடவேண்டியிருக்குமானால் அதன் கதி என்னவாகும் என்று வெயில் நாட்டில் பிறந்த நாம் சிந்தித்துப் பார்த்திருக்க நியாயமில்லை. கனடா தேசத்தின் வடமேற்குப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் மே மாதத்தில் இந்த விந்தை நிகழ்கிறது. தெற்கே லியார்ட் என்னும் உபநதியின் கரைகளில் வசந்தம் பிறந்து, மலைப்பனி கரைந்து, புதுப்புனல் பெருகி வந்து மெக்கன்சி நதியில் விழும் வேளையில், மெக்கன்சியோ இன்னும் குளிர்காலத்து உறக்கம் கலையாமல், கனத்த பனிக்கட்டி போர்த்துக் கிடக்கும். வந்த வெள்ளம் அந்தக் கட்டியை அடியிலிருந்து தூக்கி உடைக்கிறது. உடைந்த பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வளைவுகளிலும் தீவுகளின் முனைகளிலும் அடைத்துக்கொள்ள, அந்த அடைப்பின் பின்னே நீர் மளமளவென்று உயர்ந்து, கரையோர மரங்களின் பட்டையை உரித்து, தாழ்விடங்களிலுள்ள வீடுகளுக்குள் புகுந்து, பிறகு அடைப்பு விட்டதும் இடிமுழக்கத்தோடு வடக்கே பாய்கிறது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் போர்ட் சிம்ப்சன் என்னும் ஊரார் இவ்வாறு வந்த பனிவெள்ளத்துக்கு அஞ்சி ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது.

இந்த வெள்ளத்தினால் விளைவது அழிவு மாத்திரமே என்று எண்ணலாகாது. நதியின் கழிமுகத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு ஏரிகள் இருக்கின்றன. அவற்றுள் பல, நதியின் சாதாரண நீர்மட்டத்தைவிட உயர்ந்த மேட்டில் அமைந்தவை. மழை சொற்பமாகவே பெய்யும் அந்தப் பூமியில், பனிக்கட்டி அடைத்து நீரை மேலே ஏற்றினாலன்றி அவற்றுக்கு வேறு வழியில் நீர் கிடைப்பது அரிது. வெள்ளம் தவறிய ஆண்டுகளில் அவை வற்றத் தொடங்குகின்றன. நீரெலிகளும் வாத்துகளும் மீன்களும் குறைகின்றன. அவற்றை நம்பி ஜீவிக்கும் குடும்பங்களின் அடுப்பில் அது தெரிகிறது. ஆகையால், வெள்ளத்துக்கு அஞ்சுகிற அதே மக்கள் வெள்ளத்தை எதிர்பார்க்கவும் செய்கிறார்கள்.

பெரிய ஸ்லேவ் ஏரியிலிருந்து புறப்பட்டு, ஆர்க்டிக் சமுத்திரத்தின் பகுதியாகிய போபர்ட் கடலில் சங்கமமாகும் வரை மெக்கன்சியின் நீளம் 1,738 கிலோமீட்டர். ஆனால் அந்த ஏரிக்கு நீர் கொணரும் ஸ்லேவ் நதி, அதற்கு நீர் கொணரும் பீஸ் நதி, அதற்கும் மூலமாகிய பின்லே நதி என்று பின்தொடர்ந்து சென்று பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து மலைகளை எட்டினால், மொத்த நீளம் 4,241 கிலோமீட்டராகிறது. இதன் நீர்ப்பிடிப்புப் பிரதேசம் 18 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது இந்தியாவின் பரப்பில் பாதிக்கும் மேல். இத்தனை விசாலமான பூமியை வடித்துக்கொண்டு போகிற பிரதான நதியின் கரையிலும் கழிமுகத்திலும் உள்ள ஊர்களையோ இரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். நதியின் குறுக்கே பாலம் ஒன்றே ஒன்றுதான். போர்ட் பிராவிடன்ஸ் ஊருக்கருகில் கட்டப்பட்ட அந்த டே சோ பாலமும் 2012ஆம் ஆண்டு நவம்பரில்தான் திறக்கப்பட்டது. அதுவரை கோடையில் படகிலும், குளிர்காலத்தில் உறைந்த நதியின்மேல் வண்டி ஓட்டியும் கடந்தார்கள். இடையே பனி உருகும் பருவத்திலும் உறையும் பருவத்திலும் வாரக்கணக்கில் அக்கரை அக்கரையாகவே இருக்கும்.

பெரிய ஸ்லேவ் ஏரி வட அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி. அதன் அடி 614 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், பெருவாரியான பனிப்பாளங்கள் பின்வாங்கிய காலத்தில், இந்த ஏரியும் வடக்கேயுள்ள பெரிய பேர் ஏரியும் தெற்கேயுள்ள அதபாஸ்கா ஏரியும் ஒன்றாகிக் கிடந்தன என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் நிறுவியிருக்கிறார்கள். அந்த மகா ஏரி வடிந்தபோது எஞ்சியவையே இம்மூன்றும். ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 156 மீட்டர்தான். அந்தச் சொற்பமான இறக்கத்தை 1,738 கிலோமீட்டர் தூரத்தில் இறங்குவதால், மெக்கன்சி ஆர்ப்பாட்டமில்லாத அகன்ற நதி. பெரும் படகுகளுக்கு இணக்கமான நதி. மலைகளிலிருந்து சேறு சுமந்து வரும் லியார்ட் நதி போர்ட் சிம்ப்சனில் வந்து சேர்ந்ததும், ஏரியிலிருந்து தெளிந்து வந்த நீரும் இந்தக் கலங்கல் நீரும் உடனே கலந்துவிடாமல், ஒரே படுகையில் இரு நிறமாக வெகுதூரம் பக்கம் பக்கமாகச் செல்கின்றன. இன்னும் வடக்கே, துலிதா என்னும் ஊரில் பெரிய பேர் நதி ஸ்படிகம்போன்ற நீரோடு வந்து சேர்கிறது.

துலிதாவுக்கு அருகே நதிக்கரையில் பழுப்பு நிலக்கரிப் படிவங்கள் தாமே தீப்பற்றி, எத்தனையோ தலைமுறைகளாகப் புகைந்துகொண்டிருக்கின்றன. அந்நிலத்தின் ஆதிகுடிகளாகிய டெனே மக்கள் இதற்கு ஒரு புராணம் சொல்வார்கள். யமோரியா என்னும் மகாபுருஷன் மனிதரை வருத்திவந்த ராட்சத பீவர் விலங்குகளைத் துரத்திக் கொன்று, அவற்றின் தோல்களை அங்குள்ள கரடிப்பாறையின்மேல் விரித்துக் காயவைத்து, இறைச்சியை நெருப்பில் சுட்டபோது சொட்டிய கொழுப்பே இன்றுவரை எரிகிறது என்பார்கள். பாறையின் முகத்தில் அந்தத் தோல்களின் வடிவத்தைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டவும் செய்கிறார்கள். ஒரு நிலத்தில் எத்தனை காலம் வாழ்ந்திருந்தால் அதன் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு கதை அமையும் என்பது தலபுராணங்கள் கேட்டு வளர்ந்த நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அவர்களுடைய ஜீவனத்தில் ஒரு காரியத்தைச் சற்று விவரிக்க விரும்புகிறேன். நதிக்கு மேற்கேயுள்ள மலைகளில் குளிர்காலம் முழுவதும் வேட்டையாடித் திரிந்த மலை டெனே குடும்பங்கள், வசந்தத்தில் பனி உடைந்ததும் கீழே நதிக்கரை ஊருக்கு வருவதற்குப் படகு கட்டுவார்கள். மரப்பலகை கொண்டு அன்று. ஸ்புரூஸ் மரத்தின் நெடுங்கழிகளை வளைத்துச் சட்டம் கூட்டி, எட்டு அல்லது பத்து மூஸ் மான்களின் பச்சைத்தோல்களைப் பெண்கள் தசைநாரால் ஒன்றோடொன்று தைத்து, தையல்களில் கொழுப்பைப் பூசி நீர் புகாமல் அடைத்து, அந்தத் தோலைச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டுவார்கள். குழந்தைகள், நாய்கள், கூடாரம், உலர்ந்த இறைச்சி, மென்மயிர்த் தோல் மூட்டைகள் அனைத்தையும் ஏற்றிக்கொண்டு, பெருக்கெடுத்த மலையாற்றில் அந்தப் படகு மெக்கன்சிக்கு இறங்கும். ஊர் சேர்ந்தபின் படகைப் பிரித்துவிடுவார்கள். தோல்களைப் பதனிட்டுக் காலணியும் சட்டையும் செய்துகொள்வார்கள். ஒன்றும் வீண்போவதில்லை. இதனினும் அறிவார்ந்த ஒரு வாகனத்தை நான் எந்தத் தேசத்துச் சரித்திரத்திலும் படித்ததில்லை.

கோடையில் மீன்பிடி முகாம்கள். வெள்ளைமீனை முதுகெலும்பு நீக்கி, இரு பக்கமும் வாலில் ஒட்டியிருக்கும்படி பிளந்து, தோல் அறாமல் சதையில் மட்டும் குறுக்குக் கீற்றுகள் இட்டு, கழியின்மேல் இருபுறமும் தொங்கவிட்டு, கீழே மெல்லிய புகை மூட்டுவார்கள். நம் கடற்கரைகளில் வெயிலும் உப்பும் செய்கிற வேலையை அங்கே காற்றும் புகையும் செய்கின்றன.

கழிமுகமும் கடலோரமும் இனுவியாலுயிட் மக்களுடைய நாடு. மரம் முளைக்காத அந்தக் கடற்கரைக்கு நதியே மரங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறது. தெற்கே கரை இடிந்து விழுந்த ஸ்புரூஸ் மரங்கள் மிதந்து வந்து வடகடலோரத்தில் குவிகின்றன. அந்த மிதவை மரங்களைக் கொண்டு வீடு கட்டி, கிட்டிகாரியுயிட் என்னும் இடத்தில் நூற்றாண்டுகளாகக் கோடைதோறும் கூடி, நதியின் வெதுவெதுப்பான கலங்கல் நீரை நாடி வரும் வெண்திமிங்கிலங்களைச் சிறு தோற்படகுகளில் வரிசையாகச் சென்று ஆழமற்ற நீருக்கு விரட்டி வேட்டையாடினார்கள்.

இந்த நதியின்மீது வெளியுலகத்தார் கண் பட்டது 1789ஆம் ஆண்டிலே. தமிழ்நாட்டில் மெக்கன்சி என்ற பெயரைக் கேட்டதும் சுவடிகள் நினைவுக்கு வரும். நம் கோயில்களின் வரலாறுகளையும் கைபீதுகள் என்னும் ஊர்ப் பதிவுகளையும் திரட்டுவித்த கர்னல் காலின் மெக்கன்சி, ஸ்காட்லாந்தின் மேற்கேயுள்ள லூயிஸ் தீவில் ஸ்டோர்னவே என்னும் சிற்றூரில் பிறந்தவர். அதே ஸ்டோர்னவேயில் அவருக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பின்னால், 1764இல் பிறந்தவர்தான் இந்த நதிக்குப் பெயர் தந்த அலெக்ஸாண்டர் மெக்கன்சி. ஒரு சிறிய மீன்பிடித் துறையிலிருந்து ஒருவர் தெற்கே நம் நாட்டை அளக்க வந்ததும், மற்றவர் மேற்கே சென்று வடதுருவக் கடலை எட்டியதும் சரித்திரத்தின் அபூர்வமான பொருத்தங்களில் ஒன்று.

அலெக்ஸாண்டர் மென்மயிர்த் தோல் வியாபாரி. நார்த் வெஸ்ட் கம்பெனியின் பங்காளி. பசிபிக் சமுத்திரத்துக்கு நீர்வழி கண்டுபிடித்தால் வியாபாரம் பெருகும் என்பது அவர் நோக்கம். பெரிய ஸ்லேவ் ஏரியிலிருந்து மேற்கே ஒரு பெருநதி புறப்படுகிறது, அது அலாஸ்காவின் கடற்கரையில் கலக்கக்கூடும் என்று அவருக்கு முன்னிருந்த பீட்டர் பாண்ட் என்னும் வியாபாரி வகுத்த அனுமானத்தை நம்பி, 1789 ஜூன் 3ஆம் தேதி அதபாஸ்கா ஏரிக்கரையிலுள்ள போர்ட் சிப்பவேயனிலிருந்து பூர்ச்சமரப் பட்டையால் செய்த படகில் புறப்பட்டார். நான்கு கனடியப் படகோட்டிகளும், அவர்களில் இருவருடைய மனைவியரும், ஒரு ஜெர்மானியரும் உடன் சென்றனர். இவர்களைவிட முக்கியமானவர் ஒருவர் உண்டு. ‘இங்கிலீஷ் சீப்’ என்று வியாபாரிகள் அழைத்த அவ்கீனா என்னும் டெனே தலைவர், தம் இரு மனைவியரோடும் துணைவர்களோடும் சிறு படகுகளில் கூடச் சென்றார். வழிகாட்டியும், மொழிபெயர்ப்பாளரும், வேட்டையாடி அனைவருக்கும் உணவு கொடுத்தவரும் அவர்தாம். அவரில்லாமல் அந்தப் பிரயாணம் இல்லை. ஆயினும் தேசப்படத்தில் அவர் பெயரை நாம் காண்பதில்லை.

ஜூன் மாதத்திலும் ஏரி உறைந்திருந்ததனால் தாமதப்பட்டு, அம்மாத இறுதியில்தான் நதிக்குள் புகுந்தார்கள். மேற்கே சென்ற நதி, மலைத்தொடரை எட்டியதும் வடக்கே திரும்பியது, திரும்பியது திரும்பியதுதான். கரையில் கண்ட மக்கள், கடலை அடையப் பல குளிர்காலங்கள் செல்லும், நீங்கள் திரும்புவதற்குள் முதுமை வந்துவிடும் என்று எச்சரித்தார்கள். ஜூலை 10ஆம் தேதியளவில் இந்த நீர் வடகடலிலே கலக்கிறது, பசிபிக்கில் அன்று என்பது அலெக்ஸாண்டருக்கு உறுதியாகிவிட்டது. என்றாலும் எடுத்த காரியத்தை முடிக்காமல் திரும்ப மனமில்லாமல் மேலே சென்றார். சூரியன் இரவிலும் அஸ்தமிக்காததை விழித்திருந்து பார்த்தார். கழிமுகத்துக்கு அப்பாலுள்ள ஒரு தீவில் தங்கியபோது, நீர் உயர்ந்து மூட்டைகளை நனைத்தது. அது கடலின் ஏற்றம் என்பது பிறகே விளங்கிற்று. வெண்திமிங்கிலங்களும் தென்பட்டன. ஜூலை 14ஆம் தேதி அத்தீவில் ஒரு கம்பம் நட்டு, தம் பெயரையும் இடத்தின் அட்சரேகையையும் செதுக்குவித்தார். பாரிஸ் மாநகரத்து மக்கள் பாஸ்டில் சிறைக்கோட்டையைத் தகர்த்ததும் அதே நாளிலேதான். செப்டம்பர் 12ஆம் தேதி, புறப்பட்ட 102ஆம் நாளில், ஓர் உயிர்ச்சேதமுமின்றிப் போர்ட் சிப்பவேயன் கோட்டைக்குத் திரும்பினார். நான்காண்டுகளுக்குப் பின் வேறு வழியாகப் பசிபிக்கையும் அடைந்தார்.

அவர் பின்னே வியாபாரக் கோட்டைகள் நதிநெடுகத் தோன்றின. 1886இல் ரிக்லி என்னும் நீராவிக் கப்பல் நதியில் ஓடத் தொடங்கியது. துப்பாக்கியும் தேயிலையும் மாவும் வந்த வழியிலேயே, அம்மக்களின் உடல் அதுவரை அறிந்திராத நோய்களும் வந்தன. 1928ஆம் ஆண்டுக் கோடையில் டிஸ்டிரிபியூட்டர் என்னும் கப்பல் ஊர் ஊராகச் சரக்கு இறக்கிக்கொண்டு போன தடத்திலே இன்புளுயன்ஸா என்னும் விஷக்காய்ச்சலும் இறங்கிப் பல நூறு டெனே மக்கள் மாண்டனர். கிட்டிகாரியுயிட்டின் திமிங்கில வேட்டைக் கிராமமும் அதற்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொற்றுநோயால் வெறிச்சோடிப் போயிற்று.

1920இல் நதிக்கரையிலுள்ள நார்மன் வெல்ஸில் எண்ணெய்க் கிணறு வெட்டி வெற்றி கண்டார்கள். பலகாலம் வடக்கைத் திரும்பிப் பாராதிருந்த அரசாங்கம், மறு ஆண்டே, 1921இல், டெனே மக்களோடு 11ஆம் உடன்படிக்கை செய்துகொள்ள ஆள் அனுப்பியது. அந்த உடன்படிக்கையை நிலத்தை ஒப்படைத்த பத்திரமாக அரசாங்கமும், சமாதான உறுதிமொழியாக மக்களும் கொண்டதனால் எழுந்த வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவம் அந்த எண்ணெயை மலைகளைக் கடந்து யூக்கான் பிரதேசத்துக்குக் கொண்டுபோகப் பெரும்பொருட்செலவில் கேனால் என்னும் குழாய்வழி அமைத்து, ஓராண்டுக்குச் சற்று அதிகமாக உபயோகித்துக் கைவிட்டது. துருவேறிய வண்டிகள் அந்த மலைப்பாதையில் நெடுங்காலம் கிடந்தன.

இதைவிட வருத்தமான சங்கதி பெரிய பேர் ஏரியைச் சேர்ந்தது. அதன் கீழ்க்கரையில் 1930இல் பிட்ச்பிளெண்ட் தாது கண்டுபிடிக்கப்பட்டு, முதலில் ரேடியத்துக்காகவும், 1942 முதல் யுரேனியத்துக்காகவும் தோண்டப்பட்டது. அவ்வேரிக்கரையிலுள்ள டெலினே ஊரின் டெனே ஆண்கள் அந்தத் தாதுச் சாக்குகளை முதுகில் சுமந்து படகுகளில் ஏற்றி இறக்கினார்கள். பெரிய பேர் நதி வழியாக மெக்கன்சிக்கும், அங்கிருந்து எதிர்நீச்சலாகத் தெற்கே ரயில் நிலையத்துக்கும் சென்ற அந்தச் சரக்கு, அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்துக்கும் பயன்பட்டது. சுமந்தவர்களுக்கு அது இன்னதென்று எவரும் சொல்லவில்லை. ஆண்டுகள் கழிந்து விவரம் தெரிந்தபோது, 1998 ஆகஸ்டில், டெலினேயிலிருந்து ஒரு சிறு குழுவினர் ஹிரோஷிமாவுக்குச் சென்று, குண்டுவீச்சில் உயிர் பிழைத்தவர்களைக் கண்டு மன்னிப்புக் கேட்டார்கள். தாம் அறியாமல் சுமந்த சுமைக்கு அவர்கள் கேட்ட மன்னிப்பைப்போல், அறிந்து அனுப்பியவர்கள் எவரும் கேட்டதாக நான் படித்ததில்லை.

1968இல் அலாஸ்காவின் புரூடோ விரிகுடாவில் பெருவாரியான எண்ணெயும் எரிவாயுவும் கிடைக்கவே, அந்த வாயுவை யூக்கான் கடற்கரை வழியாகக் கழிமுகத்துக்குக் கொணர்ந்து, மெக்கன்சி பள்ளத்தாக்கு நெடுகக் குழாய் பதித்துத் தெற்கே கொண்டுபோகப் பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் சேர்ந்து திட்டம் வகுத்தன. இதன் விளைவுகளை ஆராய 1974 மார்ச்சில் கனடிய அரசாங்கம் தாமஸ் பெர்கர் என்னும் நீதிபதியை விசாரணைக் கமிஷனராக நியமித்தது. நிபுணர்களைத் தலைநகரத்து மண்டபத்தில் விசாரித்து அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் குறை சொல்வார் இருந்திருக்கமாட்டார்கள். பெர்கர் அப்படிச் செய்யவில்லை. நிபுணர்களையும் கேட்டார்; அதோடு பள்ளத்தாக்கிலும் கழிமுகத்திலும் சுற்றுப்புறத்திலும் உள்ள 35 ஊர்களுக்கும் தாமே சென்றார். ஊர்மண்டபத்திலும் மரக்குடில்களிலும் மீன்பிடி முகாம்களிலும் அமர்ந்து, ஏறத்தாழ ஆயிரம் பேருடைய சாட்சியங்களை அவரவர் மொழியிலே, அவரவர் சொல்லிமுடிக்கும் வரை கேட்டார். முதியோர் தம் வேட்டைத் தடங்களையும், பாட்டன்மாரின் சமாதிகள் இருக்கும் இடங்களையும் சொன்னார்கள். வேட்டைக்காரர்கள் தாம் நடந்து திரிந்த வழிகளைப் படத்தில் வரைந்து காட்டினார்கள். வானொலி ஒவ்வொரு நாளும் அந்தச் சாட்சியங்களை ஆதிகுடிகளின் மொழிகளிலும் ஒலிபரப்பியதால், ஓர் ஊரார் பேசியதைக் கேட்டு மற்றோர் ஊரார் பேசும் நிலை உண்டாயிற்று.

1977 மே மாதத்தில் வெளிவந்த அறிக்கைக்கு ‘வடக்கு எல்லைப்புறம், வடக்குத் தாயகம்’ என்பது தலைப்பு. வெளியாருக்கு எல்லைப்புறமாகவும் வழிப்பாதையாகவும் தோன்றுகிற இந்தப் பூமி இங்கே வாழ்வோருக்குத் தாயகம் என்பதே அதன் சாரம். காரிபு மான்கள் கன்று ஈனும் வட யூக்கான் கடற்கரையில் எக்காலத்தும் குழாய் பதிக்கலாகாது. மெக்கன்சி பள்ளத்தாக்கிலோ, நில உரிமை வழக்குகள் தீரும் பொருட்டுப் பத்தாண்டுகளுக்கு அந்தப் பேச்சே கூடாது என்று பெர்கர் பரிந்துரைத்தார். அவர் குழாய்வழியை அடியோடு மறுத்தவர் அல்லர். வீட்டுக்காரரைக் கேளாமல் வீட்டுக்குள் வழி வெட்டாதீர் என்றார். அந்த அவகாசம் வீண்போகவில்லை. 1984இல் இனுவியாலுயிட் மக்களோடும், 1992இல் குவிச்சின் மக்களோடும், 1993இல் சாஹ்து டெனே மக்களோடும் நில ஒப்பந்தங்கள் நிறைவேறின. வேறு வடிவத்தில் மீண்டும் எழுந்த எரிவாயுக் குழாய்த் திட்டத்துக்கு 2011இல் அனுமதி கிடைத்தும், விலை கட்டாததால் 2017 டிசம்பரில் கம்பெனிகளே அதைக் கைவிட்டன.

இப்போதைய கவலை எண்ணெயைப் பற்றியது அன்று, நீரைப் பற்றியது. மூலநதியாகிய பீஸ் நதியில் 1968இல் பென்னட் அணை எழுந்தது முதல், வசந்தத்தில் வரவேண்டிய நீரில் ஒரு பங்கு தேங்கிக் குளிர்காலத்தில் மின்சாரத்துக்காக விடப்படுகிறது. அதன்மேல், அண்மை ஆண்டுகளின் கடும் வறட்சியினால் பெரிய ஸ்லேவ் ஏரியின் மட்டம் என்றுமில்லாதபடி தாழ்ந்தது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் மெக்கன்சியில் சரக்குப் படகுகள் செல்ல ஆழமில்லாமல், நார்மன் வெல்ஸ், துலிதா, போர்ட் குட் ஹோப் ஆகிய ஊர்களுக்கு வரவேண்டிய ஆண்டுச் சரக்கு ரத்தாயிற்று. எரிபொருளை விமானத்தில் கொண்டுவர நேர்ந்து, கணப்பு மூட்ட மக்கள் முன்னைவிட மிக அதிகமான விலை கொடுத்தார்கள். அணைகளும் தொழிற்சாலைகளும் தெற்கே மாகாணங்களில். தாழ்ந்த நீரின் துன்பம் வடக்கே. நீரைப் பங்கிடுகிற பேச்சுவார்த்தை மேசையில் நதிக்கரை ஊரார் சமமாக அமராத வரையில் இது தீராது என்பது என் அபிப்பிராயம்.

இந்த நதியை மேலும் அறிய விரும்பும் வாசகர்களுக்கு இரண்டு நூல்கள் உண்டு: ஒன்று 1801இல் அச்சான அலெக்ஸாண்டர் மெக்கன்சியின் பிரயாண நூல், மற்றொன்று பெர்கரின் அறிக்கை. இரண்டையும் படியுங்கள், பெர்கரை முதலில் படியுங்கள்.